இரண்டாந்தரம் ரசம் வாங்கியவள்

திண்டுக்கல்லில் நான் சனி, ஞாயிறுகளில் போய் உட்காரும் படிப்பகத்தின் கரும்பலகையில் ஒரு நாள், 'தலைசிறந்த பேய்ப்படம் எது? அது ஏன் பயமுறுத்துகிறது?' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் 'கிராம வாழ்வா, நகர வாழ்வா', 'உழவா, தொழிலா' என்றெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிப் பார்த்திருந்தோம். மேடையில் ஆறு பேர் இருப்போம், கீழே நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். படிப்பகத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர்தான் யோசித்து யோசித்து இந்தத் தலைப்பைக் கண்டுபிடித்தார்.

"முப்பது வருஷம் வீடு வீடாப் போனவன். சனங்க எதுக்கு வாசல்ல வந்து நிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

பேசுகிறவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம். படத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, பயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னவருக்கு ஒரு எவர்சில்வர் கூஜா. நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுதாக வெளியே வந்த முதல் ஆள் நான். ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே எட்டு மைல். கத்திரி, தக்காளி, கொஞ்சம் மல்லிகை. அப்பா பூமியைப் பார்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர். நான் படித்ததைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. விதைத்துவிட்டு முளைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர் மாதிரி இருந்தார்.

அந்த வருஷம் என் தங்கை உள்ளூரில் எட்டாவது பாஸ் செய்திருந்தாள். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குத்தான் போகவேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் அதுவரை அப்படிப் போனதில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. இந்த நிலைமையில், நான் கூட்டத்தில் பேசப் போகிற சேதி அவர் காதுக்கு எட்டியது.

"ஏலே அப்பு, ஞாயித்துக்கெழம நானும் வாரேன்" என்றார், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே. "படிச்சவன் படிச்சவன்ங்கறாக. படிப்பு ஒரு ஆளுக்கு என்ன செய்யுதுன்னு நான் இன்னும் கண்ணால பாக்கல. நீ நாலு பேருக்கு முன்னால நின்னு பேசறதக் கேட்டுட்டு வந்து அவ சங்கதியச் சொல்றேன்."

தங்கை அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மறுநாளிலிருந்து என்னை அவள் சும்மா விடவில்லை. அவள் கத்திரிக்காய் பறிப்பாள், நான் வரப்பில் நின்று பேச வேண்டும்.

"அண்ணே, பாடம் நடத்தற மாதிரி இருக்கு. கத்திரிக்காயே தூங்கிரும்."

"வேற எப்படிப் பேச?"

"ஒனக்கு நெசமாவே பயந்துச்சுல்ல? அத அப்படியே சொல்லு. கைய மட்டும் ஆட்டாத. காக்கா வெரட்டற மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரம் பறித்துவிட்டு, நிமிராமலே சொன்னாள்: "நீ தோத்தாக்கூடப் பரவால்லண்ணே. ஒளறி வச்சிராத."

பேய்ப்படம் என்று அதுவரை நான் பார்த்தது ஒன்பது. எட்டைத் தள்ளுவதற்கு எனக்கு நேரம் ஆகவில்லை. எல்லாவற்றிலும் காற்று அடிக்கும், ஜன்னல் சாத்தும், கொலுசு கேட்கும், வெள்ளைச் சேலை வரும். எங்கள் ஊர்க் கொட்டகையில் வெள்ளைச் சேலை வந்தாலே பெண்கள் பக்கத்திலிருந்து, "சீலைக்கு நீலம் கூடப் போட்டுட்டாடி" என்று ஒரு குரல் வரும். அதோடு பேயின் கதை முடிந்தது. ஒன்பதாவது படம் மட்டும் அப்படி இல்லை. அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எடுத்தவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

அந்தப் படத்தை, எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் போட்டிருந்த டூரிங் கொட்டகையில், முதல் ஆட்டத்துக்கு வீட்டோடு போய்ப் பார்த்தோம். அப்பாவும் நானும் ஆண்கள் பக்கத்து மணலில். அம்மாவும் தங்கையும் தட்டிக்கு அந்தப் பக்கம். டூரிங் கொட்டகையில் ஒரே மெஷின்தான். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டிவிட்டு மறுபடி அணைப்பார்கள்.

பெரிய வீடு ஒன்று. அதில் மாமியார், மூன்று மகன்கள், மூத்த மருமகள். மாமியாருக்கு நாக்குத்தான் ஆயுதம். மருமகள் வாயே திறக்காதவள். ஒரு தடவை விளக்குப் போட்டு அணைத்ததும், மாமியார் கிணற்றில் கிடக்கிறாள். தூக்கிப் போட்டு அழுகிறார்கள். மூத்த மகன் கொள்ளி வைக்கிறான். சிதை எரிகிறது. விளக்கைப் போட்டார்கள். சுண்டல்காரர் ஒரு சுற்று வந்துவிட்டுப் போனார். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் அதே வீட்டுக் கூடம். பந்தி நடக்கிறது. மகன்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வரிசையின் கடைசியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைச் சேலை கிடையாது; எப்போதும் கட்டுகிற அதே கண்டாங்கி. சோற்றைப் பிசைகிறாள். ரசத்தில் உப்பு பத்தவில்லை என்கிறாள். மருமகள் சிரித்த முகத்தோடு வந்து ஊற்றுகிறாள். மாமியார் இரண்டாந்தரமும் கையைக் குவித்து நீட்டுகிறாள். மருமகள் இரண்டாந்தரமும் ஊற்றுகிறாள். ஒருத்தரும் திடுக்கிடவில்லை. பின்னால் வாத்தியம் கூட இல்லை. அவள் ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

இருநூறு பேர் இருந்த கொட்டகையில் ஒரு செருமல் இல்லை. சேலைக்கு நீலம் போட்ட குரலும் இல்லை. அதற்கு அடுத்த ரீலில் வழக்கம்போல வெள்ளைச் சேலையும் கொலுசும் வந்தபோது எல்லாரும் மூச்சுவிட்டார்கள். பேயைப் பார்த்துக் கொட்டகையே நிம்மதி அடைந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் காலையில் நாலு பேரும் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். நான் ஆளை எண்ணினேன். நாலு. சரியாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிப்பகத்தில் உட்கார இடமில்லை. ஜன்னல் கம்பிகளிலும் முகங்கள். தலைவர் மழைக்கு ஒதுங்கியவரைக்கூட அடையாளம் கண்டு முன் வரிசையில் உட்கார வைத்தார். அப்பா வெளுத்த வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகக் கடைசி பெஞ்சில், மடியில் கத்திரிக்காய்ப் பையோடு இருந்தார். தலைவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது.

முதலில் பேசிய இரண்டு பேரும் கொலுசையும் ஆந்தையையும் பற்றிப் பேசினார்கள். மூன்றாவது நான். எழுதி வைத்திருந்த முதல் வரி மறந்துபோனது. தங்கை சொன்னபடி, பயந்ததை அப்படியே சொல்ல ஆரம்பித்தேன். கொள்ளி வைத்ததைச் சொன்னேன். விளக்குப் போட்டு அணைத்ததைச் சொன்னேன். பந்தியைச் சொன்னேன். கூட்டம் அடங்கியது.

"அமாவாசைக்கு நாம் இலை போடுகிறோம்" என்றேன். "போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, வாங்க, வந்து சாப்பிடுங்க என்று கூப்பிடுகிறோம். அவர்கள் வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தானே அவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறோம்? காக்காய் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் நமக்குத் திருப்தி. ஒரு நாள் காக்காய்க்குப் பதிலாக அவர்களே வந்து உட்கார்ந்து, உப்பு பத்தவில்லை என்றால் என்ன செய்வோம்?"

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"வெள்ளைச் சேலைப் பேய் என்றால் ஓடலாம். வேப்பிலை அடிக்கலாம். பேய் என்று எல்லாருக்கும் தெரிந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. இந்தப் படத்தில், செத்தவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது யாருக்குமே தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் பயம். அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டுப் பந்தியில் ஆளை எண்ணிப் பார்த்தேன்."

பலத்த கைதட்டல். அப்பாவைப் பார்த்தேன். அவர் கை தட்டவில்லை. பையை மட்டும் மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார். அது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

நாலாவதாகப் பேசியவள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவி. மாதா கோயில் தெருப் பக்கம் விடுதியில் தங்கியிருந்தவள்; என்னைவிட இரண்டு வயது இளையவளாக இருப்பாள். மேஜைமேல் காகிதம் எதையும் வைக்கவில்லை.

"நானும் அதே படத்தப் பத்தித்தான் பேச வந்தேன்" என்றாள். "மதுரையில எங்க அத்தையோட பாத்தேன். அதே பந்திதான் எனக்கும் பயமா இருந்துச்சு. ஆனா முன்னால பேசுனவர் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு. பந்தியில உக்காந்திருக்கறப்ப அந்த மாமியார் சாகல. உயிரோடதான் இருக்காங்க. மறுநாள்தான் கெணத்துல கெடக்கறாங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் அதற்காக நிற்கவில்லை.

"பயப்பட வேண்டியது சாப்பிடறவங்களப் பாத்து இல்ல. ஊத்தறவளப் பாத்து. படத்துல அதுவரைக்கும் அந்த மருமக ஒரு தடவகூடச் சிரிச்சதில்ல. அன்னிக்குத்தான் மொதல் தடவையா சிரிக்கிறா. உப்பு பத்தலைன்னு சொன்னவங்களுக்குச் சிரிச்சுக்கிட்டே ரெண்டாந்தரம் ஊத்தறா. ஏன்னா, அவ மனசுல முடிவு பண்ணிட்டா. நாம தெனமும் குனிஞ்சு சாப்பிடறோம். எலையப் பாக்கறோம், கொழம்பப் பாக்கறோம். ஊத்தறவங்க மொகத்த யாராவது நிமிந்து பாக்கறமா?"

முன் வரிசையில் இருந்த கல்யாணமான ஆண்கள் சிலர் உட்கார்ந்த நிலையை மாற்றிக்கொண்டார்கள்.

அவள் முடித்ததும் கைதட்டலைவிடச் சிரிப்புத்தான் அதிகம். அத்தனையும் என் பக்கம் திரும்பியது.

"வாத்தியாரே, பாதிப் படத்துல தூங்கிட்டீரா?"

"செத்தவளுக்கு ரசம் ஊத்தியே காட்டிட்டாருப்பா."

எனக்குக் காது சுட்டது. தலைவர் நல்ல மனுஷன். குனிந்து என்னிடம், "தம்பி, முன்னப் பின்ன மறந்து போயிருக்கும். ஒத்துக்கிட்டா முடிஞ்சது" என்றார். ஒத்துக்கொள்வது சுலபம். ஆனால் கடைசி பெஞ்சில் இருந்தவர் அந்தக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். ஒத்துக்கொண்டால், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நான் மேடையில் பொய் சொல்வது அவருக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருடைய படித்த மகனை ஊர் சிரிப்பதை அவர் பார்ப்பார். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடுவது தங்கை.

எழுந்து நின்றேன். "நான் பார்த்தது அப்படித்தான். அவர்கள் சொல்வதும் பொய்யாகத் தெரியவில்லை. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை" என்றேன். கூட்டம் இன்னும் சிரித்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். எங்கள் ஊர்க் கூட்டங்களில்கூட வாய் திறக்காதவர்.

"நானும் பாத்தேன்" என்றார். "கொள்ளி வச்சாக. எரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் வந்துதான் உக்காந்து சாப்பிட்டா."

"நீங்க யாரு பெரியவரே?" என்றார் தலைவர்.

"அவன் அப்பன்."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். "அப்பனும் மகனும் ஒரே தூக்கம்" என்றது ஜன்னல். அப்பா உட்காரவில்லை. சிரிப்பு அடங்குகிறவரை, மழை விடட்டும் என்று நிற்பவர் மாதிரி நின்றார்.

"மறுநாக் காலம்பற இவன் மட்டும் ஆள எண்ணல. நானுந்தான் எண்ணுனேன்" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

எனக்கு அது புதுச் செய்தி. வியப்பில் நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கம் ஒருவர் கையைத் தூக்கினார். பேகம்பூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். தலைவர் அவரை உடனே அடையாளம் கண்டார். அவருடைய தெருவுக்குக் கடிதம் கொண்டுபோனவர் அல்லவா.

"என்ன பாய், நீங்களும் பேசணுமா?"

"பேச வரல தலைவரே. செத்த நேரம் கொடுங்க, ஒரு உண்மையச் சொல்லிட்டு உக்காந்துக்கறேன். அந்தக் கொட்டகையில அந்தப் படத்த ஓட்டுனவன் நாந்தான்."

கூட்டம் திரும்பியது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ரெண்டு கொட்டகைக்கு ஒரே படப்பெட்டிங்க. அங்க ஒரு ரீல் ஓடி முடிஞ்சதும் சைக்கிள்ல இங்க வரும். மாத்தி மாத்தி ரெண்டு பேரு கொண்டாருவாங்க. அன்னிக்கு அஞ்சாவது ரீல் கொண்டாந்தவரு டயர்ல கருவேல முள்ளு ஏறிருச்சு. ஆறாவது ரீல்காரரு கம்மாக்கரை வழியாக் குறுக்க வந்து முந்திச் சேந்துட்டாரு. விளக்கப் போட்டு வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பேன்? விசிலடிக்கிறாங்க, மணல அள்ளி எறியிறாங்க. கையில இருந்ததப் போட்டேன். அதுல அந்தம்மா செத்துட்டாங்க. அப்புறம் அஞ்சாவது வந்துச்சு. அதையும் போட்டேன். அதுல சாப்பிட்டாங்க."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சனங்க சும்மாவா விட்டாங்க?" என்று கேட்டார் தலைவர்.

"அதான் எனக்கும் ஆச்சரியம். மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. படம் விட்டதும் ரெண்டு பேரு வந்து, 'பாய், இதுவரைக்கும் இப்படி ஒரு படம் பாக்கல'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. மறுநாள் சரியாத்தான் ஓட்டுனேன். அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

தலைவர் நீண்ட நேரம் மோவாயைத் தடவினார். படம் என்றால் எடுத்தவன் எடுத்த வரிசைதான் என்று தீர்ப்புச் சொல்லி, கூஜாவை அந்த மாணவிக்குக் கொடுத்தார். கூட்டம் ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரே படத்தை இரண்டு படமாக்கியவருக்குத் துண்டு போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. பாய் துண்டைத் தோளில் வாங்க மறுத்தார். "மொதலாளி காதுக்குப் போனா வேலைக்கு ஆபத்து. மடிச்சுக் கையில குடுங்க, போதும்" என்று வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

கூட்டம் கலைகிறபோது அப்பாவைத் தேடினேன். அவர் என்னிடம் வரவில்லை. கூஜாவோடு நின்ற அந்த மாணவியிடம் போயிருந்தார். சண்டை போடத்தான் போயிருக்கிறார் என்று பயந்து ஓடினேன்.

"ஏம்மா, நீ எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கிழக்கே ஒரு கிராமத்தைச் சொன்னாள்.

"ஒம்பதாவது எங்க படிச்ச?"

"இங்கதாங்க. மூணு வருஷம் பஸ்ஸுலதான் வந்துட்டுப் போனேன்."

"பயமா இல்ல?"

"மொத மாசம் இருந்துச்சுங்க. அப்புறம் கண்டக்டருக்குத்தான் என்னக் கண்டா பயம்."

அப்பா தலையை ஆட்டினார். பையில் இருந்த கத்திரிக்காயில் பாதியை அவளுடைய கூஜாவுக்குள் போட்டார். மீதியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். மலைக்கோட்டைப் பாறைமேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. டீக்கடை வாசலில் நின்று இரண்டு டீ சொன்னார்.

"ஏலே, அன்னைக்குக் கொட்டகையில எத்தன பேரு இருந்தம்?"

"எரநூறு பேர் இருப்போம்."

"எரநூறு பேருக்கும் அது மாறிப்போனது தெரியல. எனக்குந் தெரியல. நான் படிக்காதவன். படிச்சவன் ஒனக்கும் தெரியல."

"ஆமாப்பா."

"காரணம் நல்லாத்தான் சொன்ன. அம்மாசியச் சொன்னப்ப எனக்கே மேலு சிலுத்துச்சு." டீயை ஆற்றினார். "இல்லாத ஒண்ணுக்கே இம்புட்டு அழகாக் காரணம் சொல்லுவ போல. நாங்களும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டே இருப்பம். 'அது அப்படி இல்ல'ன்னு எந்திரிச்சுச் சொல்ல வீட்டுல ஒரு ஆளு வேணாமாலே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சொன்னது அத்தனையும் நிஜமாகவே சொன்னது.

வீட்டுக்குப் போனபோது தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "நாளைக்கு மொத பஸ்ஸு. அந்த எட்டாப்புச் சட்டிபிகேட்ட எங்க வச்சிருக்க, எடுத்து வையி" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பு கூட வாரானா?" என்று கேட்டாள். "அவன் எதுக்கு? நானும் அவளும் போறம்" என்றார் அப்பா.

தங்கை என் பக்கத்தில் வந்து, "அப்ப நீ செயிச்சிட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்ல. தோத்துட்டேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு சர்டிபிகேட்டைத் தேடி உள்ளே ஓடினாள்.